மாப்பிள்ளை குளித்துக்கொண்டிருக்கிறார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் யாராவது கைக்குழந்தையோடு நம் ஸ்டுடியோவுக்குப் படமெடுக்க வந்துவிட்டால், அதைச் சிரிக்க வைக்கத் தவளை மாதிரி குதிக்கிறார். அப்போது மட்டும் அந்த வலி எங்கே போகிறதென்று தெரியவில்லை. சின்னவள் வேலைக்குப் போய் வருகிறாள். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வரியை எழுதும்போது உன் அப்பா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "நம்புறியா? நீயா?" என்று சிரித்துக்கொண்டே போகிறார். துப்பறியும் இலாகா என்று எனக்கு அவர் வைத்த பெயர் இப்போது கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் அவர் முதலில் செய்வது போனை ஸ்பீக்கரில் போடுவதுதான். பிரேம் வாங்க வந்தவர், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் எல்லோரும் நின்று உன் குரலைக் கேட்கிறார்கள். நான் சொல்லப்போவது நாலு பேர் காதில் விழக் கூடாதது. நம் டிசைனரைப் பற்றியது.

நீ கல்யாணமாகிப் போகும்போது அவனை உன் நாற்காலியில் உட்கார வைத்து, பின்னறைக் கம்ப்யூட்டரில் உன் வேலையையெல்லாம் பழக்கிவிட்டுப் போனாய். தங்கமான மனுஷன் என்றாய். நானும் சரி என்றேன். இப்போது அந்தத் தங்கத்தை உரசிப் பார்க்கவேண்டிய வேளை வந்திருக்கிறது.

கொஞ்ச நாளாக அவன் வேலையில் அவன் இல்லை. போன வாரம் ஒரு பெரியவர் விண்ணப்பத்துக்குப் படம் எடுத்துக்கொண்டு போனார். அவர் கன்னத்தில் பிறந்ததிலிருந்து ஒரு பெரிய மச்சம். இவன் ஏதோ கல்யாண ஆல்பம் என்கிற நினைப்பில் அதைச் சுத்தமாகத் துடைத்து, மாசுமருவில்லாமல் செய்துவிட்டான். அலுவலகத்தில், "இது உங்க தம்பி படமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பெரியவர் கவுன்டரில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் அவர் சொத்தையே எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. மறுபடி எடுத்துக் கொடுத்து, வாசல் வரை போய் மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன்.

அது போகட்டும் என்றால், பேக்கரிக்காரர் குடும்பப் படம். அவருடைய மூத்த பையன் வெளியூரில் இருக்கிறான், வர முடியவில்லை. அவன் நிற்பதுபோல ஒட்டிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நமக்கு இது புதிதா? வராதவர் நிற்க ஒரு ஆள் அகலம் இடம் விட்டு மற்றவர்களை நிறுத்துவது, பிறகு அவரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைப்பது. நீ செய்தால் ஒட்டியது பெற்ற தாய்க்கே தெரியாது. ஆனால் படம் எடுக்கும்போது பேக்கரிக்காரர் மனைவி ஆசையாக நகர்ந்து கணவர் பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டார். விட்ட இடம் பாதியாகிவிட்டது. டிசைனர் அதற்குள்ளேயே பையனைத் திணித்துவிட்டான். படம் சட்டம் போட்டுப் போயாகிவிட்டது. மறுநாள் பேக்கரிக்காரர் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கவுன்டரில் சாய்த்து வைத்து, "எண்ணிப் பாருங்கம்மா" என்றார். எண்ணினேன். ஐந்து பேருக்குப் பதினோரு கை. அந்தப் பதினோராவது கை யாருடையது என்று உன் அப்பா அவரிடமே கேட்டுத் தொலைத்தார். நான் மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன்.

தவறு நடப்பது சகஜம். அதற்காக ஒருவனைச் சந்தேகப்படுகிற அளவுக்கு நான் மோசமில்லை. விஷயம் வேறு. நான் பின்னறைக்குள் நுழைந்தால் அவன் திரையில் இருப்பதைச் சட்டென்று மூடிவிடுகிறான். முதல் தடவை தற்செயல் என்று விட்டேன். பிறகு வேண்டுமென்றே செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்தேன். அப்போதும் மூடினான். என்ன வேலை என்று கேட்டால், "சும்மா பழைய பைல் பார்க்கறேன் அக்கா" என்கிறான். காது சிவக்கிறது. சாப்பிடும் நேரத்தில்கூட அந்த அறையைத் தாழ் போட்டுக்கொள்கிறான். நெருப்பில்லாமல் புகையுமா? எதிர்க்கடை ஸ்டுடியோக்காரர் புதிதாகப் போட்டிருக்கும் ஆல்பம் மாதிரிகளைப் போய்ப் பார்த்தேன். பூ வைக்கிற விதம், ஓரத்தை மங்கலாக்குகிற விதம் எல்லாம் நம் கடைக் கைவேலை மாதிரியே எனக்குத் தெரிகிறது. நம் நாற்காலியில் உட்கார்ந்து, நம் மின்சாரத்தில் அவருக்கு வேலை செய்கிறான் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன் கேள். நீ ஏரிக்கரையில் மாப்பிள்ளையோடு நின்று எடுத்து அனுப்பினாயே ஒரு படம், அதை அப்பா பெரிதாக்கி வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஆசைப்பட்டார். இவன் விடவே இல்லை. பெரிதாக்கினால் உடைந்துபோகும், தெளிவு வராது, போன் படம் போதாது என்று ஆயிரம் காரணம். அவ்வளவு பொறாமை. அப்பா அவனுக்குத் தெரியாமல் வெளி லேபில் கொடுத்து ஆளுயரத்தில் பாதிக்கு எடுத்து வந்துவிட்டார். இப்போது வாசலில் நீங்கள் இருவரும்தான் நிற்கிறீர்கள். போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கிறார்கள். அதைப் பார்த்தாலே இவன் முகம் சுண்டிவிடுகிறது.

படத்தில் நீ கொஞ்சம் மெலிந்திருக்கிறாய். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு மறுவாரம் இங்கே எப்படி இருந்தாரோ அச்சு அசல் அப்படியே இருக்கிறார், ஒரு சுற்றுக்கூடப் பெருக்கவில்லை. அவருக்கு ஒழுங்காகச் சாப்பாடு போடுகிறாயா? கேட்டால் கோபித்துக்கொள்வாய். அவரிடமே கேட்கலாம் என்றால், நான் கூப்பிடும் நேரமெல்லாம் மனுஷர் குளித்துக்கொண்டே இருக்கிறார். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறார், மாலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறார். மீன்கூட அவ்வளவு நேரம் தண்ணீரில் இருக்காது. ஒரு நாள் துவட்டிக்கொண்டு வந்து மாமியாரிடம் ஒரு வார்த்தை பேசச் சொல்.

சின்னவளுக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. பையன் அவள் அலுவலகத்திலேயே வேலை பார்க்கிறவன், இருவருக்கும் பிடித்துப் போயிருக்கிறது. அடுத்த மாதம் அவன் வீட்டார் பேச வருகிறார்கள். பையனின் அம்மா கொஞ்சம் கறார். மூத்த பெண் எப்படி வாழ்கிறாள், மருமகன் எப்படி என்று எல்லா இடத்திலும் விசாரிக்கிறாராம். அந்த வாசல் படத்தைக் காட்டினாலே போதும், வேறு சாட்சி வேண்டாம் என்கிறார் அப்பா.

டிசைனரை மாதக் கடைசியில் அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன். சேர்த்துவிட்டவள் நீ என்பதால் உனக்கு ஒரு வார்த்தை. உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு பேரும் நூறு வயது வாழவேண்டும்.

உன் அம்மா.

*

என் கண்ணே,

அம்மாதான் மறுபடியும் எழுதுகிறேன். இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரிந்தே எழுதுகிறேன். அவர் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்று எட்டிப் பார்க்கவில்லை.

என் கடிதம் கிடைத்த அன்றே நீ போன் செய்தாய். வழக்கமாக நலம் விசாரித்து நாலு வார்த்தையில் வைத்துவிடுகிறவள், அன்று விடாமல் பேசினாய். பேசியதெல்லாம் டிசைனரைப் பற்றி. "அவரை அனுப்பிடாதீங்கம்மா, ப்ளீஸ்மா" என்று கெஞ்சினாய். தங்கையின் சம்பந்தத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாயா? இல்லை. போனை வைத்தபிறகு என்னென்னவோ தோன்றியது. அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறவன், நீ கல்யாணமாகி எங்கேயோ இருக்கிறவள், உனக்கும் அவனுக்கும் என்ன இவ்வளவு ஒட்டுதல் என்றுகூட நினைத்தேன். பெற்றவள் நினைக்கக் கூடாததுதான். ஆனால் நினைத்தேன்.

மறுநாள் காலையில் வாசல் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் முகத்துக்கு நேரே தூசி படிந்திருந்தது. துணியால் துடைத்துக்கொண்டே மாப்பிள்ளை முகத்துக்கு வந்தேன். அவருடைய மூக்குக் கண்ணாடியில் ஏதோ வெள்ளையாக இருந்தது. தூசி என்று தேய்த்தேன், போகவில்லை. என் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன்.

குடை. நம் ஸ்டுடியோவில் விளக்குக்கு முன்னால் விரிக்கிற வெள்ளைக் குடை. அதன் ஓரத்தில், கம்பி குத்திக் கிழிந்த இடத்தில், வெள்ளைத் துணி கிடைக்காமல் நான் கறுப்புத் துணி வைத்துத் தைத்த ஒட்டுகூடத் தெரிந்தது. திறந்த வெளியில், ஏரிக்கரையில் நிற்கிற மனுஷர் கண்ணாடியில் நான் தைத்த ஒட்டு. போனில் பார்த்தபோது கடுகளவு இருந்தது யார் கண்ணுக்குத் தெரியும்? உன் அப்பாதான் ஆசை ஆசையாகப் பெரிதாக்கி வைத்தார்.

பிறகு மற்றதெல்லாம் தானாகத் தெரிய ஆரம்பித்தது. உன் மேல் வெயில் இடப்பக்கமிருந்து விழுகிறது. அவர் மேல் வலப்பக்கமிருந்து. உன் தலைமுடி காற்றில் பறக்கிறது. அவர் தலையில் ஒரு முடி அசையவில்லை. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்றிருக்கிறாயே கண்ணு, இத்தனை நாள் நாங்களும் வாங்கியிருக்கிறோமே.

துணியைக் கீழே போட்டுவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனேன். தாழ் போட மறந்திருந்தான். இந்த முறை அவனால் மூட முடியவில்லை. திரையில் நீ ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். பெஞ்சின் ஒரு ஓரமாக. மறுபாதி காலியாக இருந்தது. ஒரு ஆள் அகலம் இடம் விட்டு, இல்லாத தோளில் சாய்கிற மாதிரி தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். திரையில் பக்கத்திலேயே இன்னொரு கட்டத்தில் மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு மறுவாரம் நம் ஸ்டுடியோ ஸ்டூலில் உட்கார்ந்து படமெடுத்துக்கொண்டவர், ஸ்டூல் இல்லாமல் அந்தரத்தில் இருந்தார். நீல நிறத்தில் இருந்த அவர் சட்டையை இவன் பச்சையாக மாற்றிக்கொண்டிருந்தான்.

உன் பழைய நாற்காலிக்குப் பக்கத்தில் கிடந்த பிரேம் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். போன வருஷக் கடைசியிலிருந்து என்றான். அவர் எங்கே என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை என்றான். பிறகு அவனாகவே சொன்னான்.

"சின்ன பாப்பா கல்யாணம் முடியற வரைக்கும்னு பாப்பா கேட்டுச்சு அக்கா. எனக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வரல. ஆனா ஒவ்வொரு படத்துலயும் அது மெலிஞ்சுக்கிட்டே வருது. கன்னத்தைக் கொஞ்சம் பூசின மாதிரி ஆக்கிடுங்க, அம்மா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு எழுதியிருந்துச்சு. மாப்பிள்ளை சாரைச் சேர்த்துக் கொடுத்தேன். கன்னத்துல மட்டும் நான் கை வைக்கல. அதாச்சும் உங்க கண்ணுல படட்டும்னு விட்டுட்டேன்."

அவன் அழுதுகொண்டிருந்தான். நான் எதிர்க்கடைக்காரரின் ஆல்பத்தில் பூவை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், இவன் என் பெண்ணுக்காகத் தவித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனிடம் எனக்குக் கோபமில்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது. ஆனால் அவனை அனுப்பப் போவதில்லை. மச்சமும் பதினோராவது கையும் எந்தக் கலக்கத்தில் நேர்ந்தன என்று இப்போது தெரிகிறது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். நீ ஒரு முழு மனுஷனை மறைக்கவில்லை, இல்லாதவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய். அதற்காக ஒவ்வொரு முறையும் வெளியே போய், நல்ல உடை உடுத்தி, இடம் விட்டு நின்று, சிரித்து. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அவர் போனாரா, நீ அவரை விட்டு வந்துவிட்டாயா, இடையில் என்ன நடந்தது, எதுவும் கேட்கமாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சின்னவளிடம் அன்று மாலையே சொன்னேன். "என் கல்யாணத்துக்காக அக்கா அங்க தனியா உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டிருந்தாளா?" என்று கேட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பையனிடம் அவளே பேசியிருக்கிறாள். பையனின் அம்மாவுக்கு நான் போன் செய்து, மூத்தவள் தனியாக இருக்கிறாள், வாசலில் இருக்கும் படம் உண்மையில்லை என்று சொன்னேன். இரண்டு நாளில் சொல்கிறோம் என்றார். இன்னும் சொல்லவில்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்று சின்னவள் சொல்கிறாள். சொல்லும்போது அவள் குரல் உடைகிறது, அதையும் மறைக்காமல் உனக்கு எழுதுகிறேன். இந்த வீட்டில் இனி ஒட்டு வேலை வேண்டாம்.

உன் அப்பாவுக்குச் சொல்லத்தான் பயமாக இருந்தது. அந்தப் படத்தைக் காட்டாத ஆளில்லை இந்தத் தெருவில். கடையைச் சாத்திய பிறகு டிசைனர் மூலப் படத்தை, நீ மட்டும் நிற்கிற ஏரிக்கரைப் படத்தை, அவருக்குத் திறந்து காட்டினான். கத்துவார் என்று நினைத்தேன். மாப்பிள்ளையைத் திட்டுவார் என்று நினைத்தேன். எதுவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இவ தனியா இருக்கான்னா, இந்தப் படத்தை யாரு எடுத்தது?"

எனக்கு அது தோன்றவே இல்லை பார். இத்தனை சந்தேகம் பிடித்தவளுக்கு அது தோன்றவில்லை. அவர் திரையில் விரலை வைத்துக் காட்டினார். எதிர்க்கரைக் கோடு உன் தொடைக்கு நேராகப் போகிறது. அந்தக் கோடு எங்கே போகிறதோ அந்த உயரத்தில்தான் கேமரா இருந்திருக்கும் என்றார். நின்றுகொண்டு எடுத்திருந்தால் உன் முகத்துக்கு நேராக வந்திருக்குமாம். "யாரோ கீழ உட்கார்ந்துகிட்டு எடுத்திருக்காங்க" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "இல்லன்னா?" என்று கேட்டேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய், பெட்டியைத் திறந்து, அந்தப் படத்தைக் கழற்ற ஆரம்பித்தார். ஆணி சரியாக வரவில்லை. டிசைனர்தான் போய்ப் பிடித்துக்கொண்டான்.

அதிலிருந்து எனக்கு இதே நினைப்பாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணா, கூட வேலை செய்கிறவளா, வழியில் போன முகம் தெரியாத ஒருவரா? ஆணா பெண்ணா என்று கேட்கத் துடிக்கிறது, கேட்கவில்லை. யாரோ ஒருவர் உனக்காகத் தரையில் உட்கார்ந்து, ஏன் இப்படி ஓரமாக நிற்கிறாய் என்று கேட்காமல், பொறுமையாகப் படம் எடுத்துக் கொடுத்தார் என்றால், அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். நான் விசாரித்ததாக அவரிடம் சொல். நீ வருகிற வரைக்கும் உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அப்படி யாரும் இல்லை, ஏதாவது ஒரு கல்லின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அது எண்ணி முடிப்பதற்குள் நீயே ஓடிப்போய் நின்று சிரித்தாய் என்றால், எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்காதே. கிளம்பி வந்துவிடு.

உன் அம்மா, அப்பா.